நார்ஃப்ளாக்ஸ் கேட்டு வரும் இரண்டு பேர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தொடங்கி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் நான்கு வீதிகள் வரை மருந்துக் கடை வைத்திருப்பவர்களுக்கும், அந்தக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே மாத்திரை எடுத்துக் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

உங்களில் நிறையப் பேருக்கு என் பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் ஆண்கள் மெடிக்கல் வார்டில் போயிற்று. ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. இன்றைக்கும் கடைக்கு வந்தால் "வாங்க சிஸ்டர்" என்று ஸ்டூலை நகர்த்திப் போடுகிறீர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபம் வந்தால் நேரில் பார்க்கும்போது திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

என் தம்பிக்கு 52 வயது. பண்ருட்டியிலிருந்து கோயம்பேட்டுக்குப் பலாப்பழ லோடு அடித்த லாரிக்காரன். குடித்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. கால் வீங்கி வயிறு பானை மாதிரி ஆனதும் நிறுத்தினான். நிறுத்திய பிறகு இரண்டு வருடம் ஒரு சொட்டுத் தொடவில்லை. ஆனாலும் ஈரல் ஏற்கெனவே சுருங்கி இறுகிவிட்டிருந்தது. அந்த இரண்டு வருடத்தில் நாலு தடவை வயிற்றிலிருந்து தண்ணீர் எடுத்தோம். போன வருடம் ஆடியில் காய்ச்சலும் வயிற்று வலியுமாகப் படுத்தான். வயிற்றுத் தண்ணீரில் கிருமி என்றார்கள். ஐந்து நாள் ஊசி போட்டு, ஆல்புமின் ஏற்றி, எழுப்பி உட்காரவைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நார்ஃப்ளாக்சாசின் 400, தினம் காலையில் ஒன்று என்று எழுதி, 30 மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள்.

சீட்டில் '30 நாள்' என்று இருந்தது. மாதம் ஒருமுறை வந்து வாங்கிக்கொண்டு போ, வாழ்நாள் முழுக்கவோ டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரையோ சாப்பிடு என்பதுதான் அதன் பொருள். வார்டில் இருந்தவர்களுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். சீட்டில் அது இல்லை. மாத்திரை தீர்ந்த அன்று நல்ல மழை. அவன் மனைவி காலி அட்டையை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனாள். கடையில் இருந்த பையன் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறான்: "ஒரு மாசம் சாப்ட்டாராக்கா? போதும். ஆன்டிபயாட்டிக்க இவ்ளோ நாள் சாப்டவே கூடாது. கிட்னி போயிடும்." அதற்குப் பதிலாக ஒரு பி காம்ப்ளெக்ஸ் அட்டையும் லிவர் டானிக் ஒரு பாட்டிலும் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

23 நாள் கழித்து ஒரு காலையில் தம்பி சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. என்னைப் பார்த்து "அம்மா, மாடு கட்டியாச்சா?" என்றான். எங்கள் அம்மா போய்ப் பதினைந்து வருடம். அதற்கும் முன்னாலேயே மாடுகளை விற்றாயிற்று. மறுபடி கிருமி வந்துவிட்டது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போதே சிறுநீர் குறைந்திருந்தது. ஆறாம் நாள் போய்விட்டான்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். மாத்திரையை விடாமல் சாப்பிட்டிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பான் என்றும் சொல்ல மாட்டேன். மாத்திரை சாப்பிட்டும் திரும்ப வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் சொன்னது ஊருக்கெல்லாம் சரியான பேச்சு என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஆன்டிபயாட்டிக்கைக் கண்டபடி தின்னக் கூடாது என்று டிவியில் சொல்கிறார்கள், நானே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் தம்பி ஒருவனுக்குத்தான் அது தப்பு. அவனை மற்றவர்களிலிருந்து பிரித்துக் காட்ட அந்தக் கவுன்ட்டரில் எதுவும் இல்லை. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

முதலில் வியாதி. உங்களில் பலர் அண்ணாமலை நகரில் பார்மசி படித்தவர்கள், உங்களுக்கு இது தெரிந்திருக்கும். கடையில் நிற்கும் எல்லோரும் படித்தவர்கள் அல்லவே, அவர்களுக்காகச் சொல்கிறேன். ஈரல் தழும்பேறி இறுகிப்போனால் குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் ரத்தம் முட்டிக்கொண்டு நிற்கும். கீழணையில் ஷட்டரை இறக்கினால் மேலே தண்ணீர் ஏறி ஓரத்து வயலெல்லாம் ஊறுகிற மாதிரி, வயிற்றுக்குள் நீர் கசிந்து தேங்கும். நம் ஊரில் மகோதரம் என்பார்கள். குடல் சுவரும் ஊறி இளகிப் போயிருக்கும். குடலுக்குள் எப்போதும் குடியிருக்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் அந்தச் சுவரைத் தாண்டி மெல்ல வெளியே வரும். நல்ல உடம்பில் ஈரலும் ரத்தமும் அவற்றை வடிகட்டிவிடும். இங்கே வடிகட்ட ஆளில்லை. தேங்கிய நீரில் புரதம் குறைவு. புரதம் குறைந்தால் கிருமியைப் பிடித்துக் கொடுக்கும் காவலும் குறைவு. டெசிலிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குக் கீழே போனவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று டாக்டர்கள் அதனால்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

குடலில் ஓட்டை விழுந்தோ குடல்வால் வெடித்தோ வரும் தொற்று இல்லை இது. எந்த வெளிக்காரணமும் இல்லாமல் தானாக வருவது. அமெரிக்காவில் ஹெரால்டு கான் என்ற டாக்டர் 1964-இல் இதைத் தனி வியாதியாக எழுதினார். அந்தக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகவில்லை. இன்றைக்குச் சீக்கிரம் கண்டுபிடித்தால் ஐந்தில் நாலு பேரை வீட்டுக்கு அனுப்ப முடிகிறது. சீக்கிரம் என்றால் அன்றைக்கே. நாளைக்குப் பார்க்கலாம் என்பது இங்கே சீக்கிரம் ஆகாது.

வார்டில் நடப்பதைச் சொல்கிறேன், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நோயாளியைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைப்போம். வயிறு பளபளவென்று இழுத்துக்கொண்டு தொப்புள் பிதுங்கி இருக்கும். அடிவயிற்றில் இடது ஓரமாக அயோடின் தடவி, மரக்க ஊசி போட்டு, டாக்டர் ஊசியைச் செருகுவார். நல்ல தண்ணீர் என்றால் வைக்கோல் நிறத்தில் தெளிவாக வரும், சிரிஞ்சுக்குப் பின்னால் விரல் வைத்தால் விரல் தெரியும். கிருமி ஏறிய தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி கலங்கலாக வரும். எல்லாருக்கும் அப்படி வராது. தெளிவாகத் தெரிந்த தண்ணீரிலும் கிருமி இருந்ததுண்டு. அதனால் கண்ணை நம்பாமல் லேபுக்கு அனுப்புவோம். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோபில் என்ற வெள்ளணு 250-ஐத் தொட்டுவிட்டால் கல்ச்சர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஊசி ஆரம்பித்துவிட வேண்டும். பத்து மில்லி தண்ணீரைக் கட்டிலருகிலேயே கல்ச்சர் பாட்டிலில் விடுவது என் வேலையாக இருந்தது. மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, விடுவேன். அந்தக் காயும் அரை நிமிடத்தில் நோயாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆல்புமினையும் சொல்ல வேண்டும். இந்தத் தொற்றில் சாகிறவர்களில் நிறையப் பேர் சிறுநீரகம் நின்றுபோய்ச் சாகிறார்கள். ஸ்பெயினில் 126 பேரை வைத்துச் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஊசியோடு ஆல்புமினும் ஏற்றியவர்களில் சிறுநீரகம் கெட்டது நூற்றுக்குப் பத்துப் பேருக்கு. ஊசி மட்டும் போட்டவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு. அளவைக் கேளுங்கள். முதல் நாள் உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம், மூன்றாம் நாள் கிலோவுக்கு ஒரு கிராம். 60 கிலோ ஆளுக்கு முதல் நாள் மட்டும் 90 கிராம், 20 கிராம் பாட்டிலாக நாலரை பாட்டில். அதன் விலை உங்களுக்குத் தெரியும். அரசு மருத்துவமனையில் ஸ்டாக் தீர்ந்த நாட்களில் தாலியை அடகு வைத்து வாங்கி வந்த பெண்களை எனக்குத் தெரியும். அந்த நாலரை பாட்டில் தேவைப்படாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை ஒன்று உங்கள் அலமாரியில் சும்மா கிடக்கிறது.

நார்ஃப்ளாக்சாசினுக்கு ஒரு குணம் உண்டு. வாயில் போட்டால் பாதிக்கும் குறைவாகவே ரத்தத்தில் சேரும், மீதி குடலிலேயே தங்கும். மற்ற வியாதிகளுக்கு அது குறை. இங்கே அதுதான் வேண்டியிருந்தது. குடலில் இருக்கும் ஈ.கோலை கூட்டத்தை அடக்கி, மற்ற நல்ல கிருமிகளைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். இதைப் பிடித்துக்கொண்டு பார்சிலோனா டாக்டர்கள் 1990-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு முறை தொற்று வந்து பிழைத்த 80 பேர். பாதிப் பேருக்கு தினம் 400 மில்லிகிராம், மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. ஒரு வருடத்துக்குள் திரும்ப வரும் வாய்ப்பு மாவு மாத்திரைக்காரர்களுக்கு நூற்றுக்கு 68, மருந்து சாப்பிட்டவர்களுக்கு 20. என் தம்பி மாத்திரை தீர்ந்து நின்ற இடம் அந்த 68.

இதைப் படித்துவிட்டு, வயிற்றில் தண்ணீர் இருக்கிறவர்களுக்கெல்லாம் நாளையிலிருந்து நார்ஃப்ளாக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதுவும் தப்பு, அதே அளவு தப்பு. ஒருமுறைகூடத் தொற்று வராதவர்களுக்கு முன்கூட்டியே கொடுப்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒரு முடிவு இல்லை. அதே பார்சிலோனாவிலிருந்து 2007-இல் வந்த ஆய்வு, தண்ணீரில் புரதம் குறைந்து ஈரலும் மிக மோசமானவர்களுக்கு நல்ல பலன் என்றது. பிரான்சில் ஈரல் முற்றிய 291 பேருக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டதில், மொத்தமாகப் பார்த்தால் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. 2020-இல் காக்ரேன் அமைப்பு 29 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து அலசியது, கிட்டத்தட்ட நாலாயிரம் நோயாளிகள். தடுப்புக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதால் உயிர் நீள்கிறதா என்று உறுதியாகச் சொல்லுமளவுக்கு அந்தச் சோதனைகள் திடமாக இல்லை என்பதே அவர்கள் எழுதியது. வார்டில் இருந்தவள் என்ற முறையில் என் எண்ணம்: ஒருமுறை வந்து பிழைத்தவர் மாத்திரையை விடக் கூடாது. ரத்த வாந்தி எடுத்துச் சேர்த்தவருக்கு மருத்துவமனையில் ஒரு வாரம் வரை ஆன்டிபயாட்டிக் போட்டாக வேண்டும். இந்த இரண்டிலும் நான் தயங்கியதில்லை. மற்றவர்களைப் பற்றி முடிவு எடுக்க வேண்டியவர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்த டாக்டர். நானும் அல்ல, நீங்களும் அல்ல.

இனி நார்ஃப்ளாக்ஸ் கேட்டு வரும் இரண்டாவது ஆளுக்கு வருகிறேன்.

உங்கள் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தில் நான் பார்த்தது. கல்யாண வீட்டிலிருந்து ஒருவர், "வவுத்தால போவுது, ரெண்டு நார்ஃப்ளாக்ஸ் டி.இசட் குடுங்க." ஒரு பாட்டி, பேரனுக்கு. பஸ்ஸைப் பிடிக்க ஓடும் காலேஜ் பெண். மூன்று பேருக்கும் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி இரண்டு, மூன்று என்று காகித உறையில் போட்டுக் கொடுத்தீர்கள். மூன்று பேரிடமும் சீட்டு இல்லை. உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இல்லை என்று அனுப்பினால் அடுத்த கடையில் வாங்குவார்கள். நீங்கள் கடை வாடகை கட்ட வேண்டும். ஆனாலும் இந்த மூன்று பேரும் என் தம்பியோடு எப்படிச் சேர்கிறார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வயிற்றுப்போக்கில் பெரும்பாலானது வைரஸ், அல்லது சாப்பாட்டு நஞ்சு. இரண்டு நாளில் தானே நிற்கும். அதற்குள் மாத்திரை போட்டவர் மாத்திரையால்தான் நின்றது என்று நினைத்துக்கொள்கிறார். குடலில் என்ன நடந்தது? இரண்டு மாத்திரைக்குச் சாகக் கூடிய ஈ.கோலை செத்தது, சாகாதது தங்கிப் பெருகியது. அது கழிவறை வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் சாக்கடை எது, குடிதண்ணீர்க் குழாய் எது என்று தெரியாமல் ஒன்றாய் ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கெடிலம் கரையில் ஒருவர் தின்ற மாத்திரைக்குப் பழகிய கிருமி அடுத்த தெருவில் இன்னொருவர் குடலில் குடியேறுகிறது. இன்று இந்தியாவில் மருத்துவமனைகளில் எடுத்துப் பார்க்கும் ஈ.கோலையில் பாதிக்கும் மேல் இந்த வகை மருந்துக்குப் படிவதில்லை. ஈரல் சுருக்க நோயாளிகளின் தொற்றுகளைப் பல கண்டங்களில் சேர்த்துப் பார்த்து 2019-இல் வெளியான ஆய்வில், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு பல மருந்துக்கும் அடங்காத கிருமி. அதில் மிக மோசமாக நின்றது இந்தியா.

அப்படிப்பட்ட கிருமி ஈரல் கெட்டவரின் குடலிலும் போய் உட்கார்ந்துவிட்டால், அவர் தினம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் பயன் இல்லை. என் தம்பியைப் போன்றவர்களுக்கு இந்த மாத்திரை ஒரு வேலி. ஊரில் எல்லாரும் ஆளுக்கொரு முள்ளைப் பிடுங்கிக்கொண்டு போனால் வேலி எங்கே இருக்கும்?

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மாதக்கணக்கில் சாப்பிடுவதால் அந்த ஈரல் நோயாளியின் குடலிலும் பழகிய கிருமி வளரத்தான் செய்யும். இதை டாக்டர்களும் மறைக்கவில்லை. அதனால் தேவை உறுதியானவருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். சிலர் கோட்ரைமாக்சசோலுக்கும் ரிஃபாக்சிமினுக்கும் மாற்றிப் பார்க்கிறார்கள். இதில் உங்கள் பங்கு ஒன்றே ஒன்று. எழுதியிருப்பதை மாற்றாதீர்கள். 'நார்ஃப்ளாக்ஸ் தீர்ந்துடுச்சு, டி.இசட் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்' என்று ஒரு கடையில் என் காதுபடச் சொன்னார்கள். ஒன்றல்ல. அதில் கூட இருக்கும் டினிடசோல் மாதக்கணக்கில் தின்னும் மருந்து இல்லை, அதுவும் ஈரல் கெட்டவருக்கு. தனி நார்ஃப்ளாக்சாசின் ஹோல்சேலில் கிடைக்கவில்லை என்றால் அதைச் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள்.

இந்த நோயாளிகள் வாங்கும் மற்ற மருந்துகளையும் ஒரு கண் பாருங்கள். நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் ஜெல், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், பால் இவற்றோடு சேர்த்து நார்ஃப்ளாக்சாசினை விழுங்கினால் மருந்தின் பலன் குறைந்துவிடும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இதை யாரும் சொல்லாததால் தினமும் காலையில் பாலோடு விழுங்கிய ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு இதனால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். குதிகால் தசைநார் வலிக்கிறது என்றால் தைலம் கொடுத்து அனுப்பாதீர்கள், அது இந்த மருந்தின் வேலையாக இருக்கலாம். டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையும் ஊசியும் ஈரல் சுருங்கியவருக்குச் சிறுநீரகக் கோளாறில் கொண்டுபோய் விடும். பேன்டாபிரசோலைக் காலையில் வெறும் வயிற்றில் என்று வருடக்கணக்காகத் தின்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! வயிற்றில் அமிலம் குறைந்தால் குடலில் கிருமி கூடும். பேன்டாபிரசோலைத் தொடர்ந்து தின்னும் ஈரல் நோயாளிகளிடம் இந்தத் தொற்று அதிகம் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. தேவையா என்று டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள், போதும்.

கீழாநெல்லியைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். நம் பக்கம் மஞ்சள் காமாலை என்றால் முதலில் அதைத்தான் அரைக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கோடு சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்து 1988-இல் லான்செட் இதழில் எழுதியது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்தபோது அதே பலன் வரவில்லை. நம் பச்சிலையை நம் ஊர்க்காரர் முறையாகச் சோதித்தார் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அது வைரஸைப் பற்றிய கேள்வி. வயிற்றுத் தண்ணீரில் ஏறிய ஈ.கோலைக்குக் கீழாநெல்லி ஒன்றும் செய்யாது. அரைத்துக் கொடுத்துப் பார்க்கும் மூன்று நாளில் ஆள் போய்விடுவார்.

குடிகாரனுக்கு எதற்கு இவ்வளவு என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கடைக்காரர்தான், நல்ல மனிதர்தான். கன்னியக்கோயிலுக்குப் போனால் புதுச்சேரிச் சாராயக் கடைகள், இந்தப் பக்கம் டாஸ்மாக், நடுவில் நம் பிள்ளைகள். இதில் யாரை நிறுத்தி விசாரிப்பது? வார்டில் நான் பார்த்தவர்களில் சாராய வாடையே தெரியாதவர்களும் உண்டு. ஹெபடைட்டிஸ் பி, சி இருந்தவர்கள், சர்க்கரையாலும் கொழுப்பாலும் ஈரல் கெட்டவர்கள், கல்யாணமாகாத ஒரு தறிக்காரப் பெண். எல்லோர் வயிற்றிலும் தண்ணீர் ஒரே நிறம்தான்.

சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-லிருந்து விளம்பரம் செய்கிறது. எச்-1 பட்டியல் மருந்துகளுக்கு 2014 மார்ச் முதல் தனி நோட்டு எழுதுகிறீர்கள். நார்ஃப்ளாக்சாசின் அதில் இல்லாவிட்டாலும் சீட்டுக்கு மட்டும் உரிய மருந்துதான். 2012-இல் சென்னையில் டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று பல மருத்துவ அமைப்புகள் சேர்ந்து சென்னைப் பிரகடனம் என்று ஒன்றை வெளியிட்டார்கள். நாடு முழுக்க ஒரேயடியாகத் தடை என்பது நடக்காது, படிப்படியாகத்தான் முடியும் என்று நடைமுறையறிந்து எழுதியிருந்தார்கள். கேரளத்தில் 2024-இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சீட்டில்லா விற்பனையைப் பிடிக்க இறங்கியது, ஆன்டிபயாட்டிக்கை நீல உறையில் போட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. இங்கே டிரக் இன்ஸ்பெக்டர் வரும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டுமா என்று மட்டும் கேட்கிறேன்.

ஏனென்றால் இந்த நோயாளிகளுக்கு உங்களை விட்டால் பக்கத்தில் ஆளில்லை. ஈரல் டாக்டரைப் பார்க்கக் கோரிமேட்டுக்கு ஜிப்மருக்குப் போக வேண்டும், அல்லது சென்னைக்கு. காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் கிள்ளையிலிருந்தும் விடிவதற்கு முன் கிளம்பி, பஸ் மாறி, வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை விட்டு வருகிறார்கள். அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது இப்போது அரசுக் கல்லூரியாகிவிட்டது, அது பெரிய உதவி. ஆனாலும் டாக்டரை அவர்கள் பார்ப்பது மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் அதுவும் இல்லை. உங்களைப் பார்ப்பது வாரத்துக்கு இரண்டு முறை.

ஆகவே நான் கேட்பது இதுதான். யாராவது தனி நார்ஃப்ளாக்சாசின் 400 கேட்டு, அட்டை அட்டையாக வாங்கினால், 'எதுக்குச் சாப்பிடுறீங்க?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். 'வயித்துல தண்ணி, கிருமி வந்துச்சு' என்றால், 'நிறுத்துங்க' என்ற வார்த்தையை நீங்கள் சொல்லாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் திருப்பி அனுப்புங்கள், ஆனால் போய் வரும் நாட்களுக்கு மருந்து கையில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள். அவர் வீட்டார் 'ஆளு ஒரு மாதிரி பேசுறாரு', 'ராத்திரி தூங்கல, பகல்ல தூங்குறாரு', 'சிறுநீர் குறைஞ்சிருக்கு', 'கறுப்பா வெளியே போவுது' என்று சொன்னால் எந்த மாத்திரையும் எடுக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வயிற்றுப்போக்கென்று வருபவருக்கு ஓ.ஆர்.எஸ் பொட்டலத்தை எடுங்கள். 1971-இல் வங்காள எல்லையில் அகதி முகாமில் காலராவில் கிட்டத்தட்ட மூன்று பேருக்கு ஒருவர் செத்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் கொடுத்து அதை நூற்றுக்கு நாலுக்கும் கீழே கொண்டுவந்தார். உங்கள் கடை வாசலில் தூசி படிந்து தொங்கும் அந்தப் பொட்டலத்துக்கு அவ்வளவு வரலாறு. குழந்தைக்கு என்றால் ஜிங்க் சேர்த்துக் கொடுங்கள். ரத்தமும் சளியுமாகப் போனாலோ, கடும் காய்ச்சல் இருந்தாலோ டாக்டரிடம் அனுப்புங்கள்.

என் பங்குக்கும் ஒன்று செய்ய ஆரம்பித்திருக்கிறேன். பழைய வார்டு சிஸ்டர்களிடம் பேசி, டிஸ்சார்ஜ் சீட்டில் '30 நாள்' என்பதற்குப் பக்கத்தில் 'தொடர் மருந்து, டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது' என்று தமிழில் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்று பேர் எழுதுகிறார்கள். என் தம்பி சீட்டிலேயே இதை நான் எழுதியிருக்கலாம். பேனா என் பையில்தான் இருந்தது.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தத் தெருமுனைக் கடைக்குப் போனேன். அதே பையன். என்னைப் பார்த்ததும், "அண்ணனுக்கு இப்ப எப்டிக்கா இருக்கு?" என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான், கேட்டு முடிக்கும் வரை வேறு ஆளுக்கு மருந்து எடுக்கவில்லை. "யாரும் சொல்லலக்கா" என்று இரண்டு தடவை சொன்னான். அது உண்மை. நானும் சொல்லவில்லை.

போன வாரம் மறுபடி போயிருந்தேன். எச்-1 நோட்டுக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தான். மேலே 'தினம் ஒன்று' என்று எழுதி, கீழே பெயர், ஊர், எந்தத் தேதியில் மாத்திரை தீரும் என்று கோடு போட்டிருந்தான். நாலு பெயர் இருந்தது. இரண்டாவது பெயருக்கு நேரே அன்றைய தேதி. அவர் இன்னும் வரவில்லை என்று போனை எடுத்துக்கொண்டிருந்தான்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலி ஒருத்தி,
திருப்பாதிரிப்புலியூர்